அந்தப் பையன் கரை சேர்ந்தானா?

என் பிரியமுள்ள ரோசலின் அண்ணிக்கு,

இங்கே மழை விட்டபாடில்லை. இந்த வாரம் முழுக்கப் பால்வெட்டு இல்லை. றப்பர் மரம் நனைந்திருந்தால் கத்தி வைக்க முடியாது என்பது, நீங்கள் எங்கள் தோட்டத்துக்கு மருமகளாக வந்த புதிதில் உங்களுக்குத் தெரியாது. "மழைன்னா லீவா? நல்ல தொழிலா இருக்கே" என்று கேட்டீர்கள். அன்றைக்குச் சம்பளமும் கிடையாது என்று நான் சொன்னதும் நாக்கைக் கடித்துக்கொண்டீர்கள்.

அண்ணன் நன்றாக இருக்கிறார் என்று எழுத ஆசைதான். வேலைக்குப் போகிறார், வருகிறார். பருப்புச் சமைக்கப் பழகியிருக்கிறார். உங்கள் சேலைகளை மடித்துப் பெட்டியில் வைக்கட்டுமா என்று அம்மா கேட்டதற்கு, "இருக்கட்டும்மா" என்றார். அவ்வளவுதான் பேசினார். சேலைகள் உள்காம்பரா அறைக் கொடியிலேயே இருக்கின்றன.

கோயிலில் போடும் நினைவு மலருக்கு உங்களைப் பற்றி எழுதித் தரச் சொன்னார்கள். பிறந்தது, படித்தது, மணமுடித்தது என்று எழுதத் தொடங்கினேன். அது யாரோ ஒருவரைப் பற்றியதாக இருந்தது. கிழித்துப் போட்டுவிட்டு உங்களுக்கே எழுதுகிறேன். உங்களைத் தெரியாதவர்களும் இதைப் படிப்பார்கள். அதனால் உங்களுக்குத் தெரிந்ததையே சில இடங்களில் திருப்பிச் சொன்னால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

நீங்கள் வரக்காப்பொலைப் பிள்ளை. கண்டி ரோட்டு ஓரத்தில் வளர்ந்து, பக்கத்தில் தமிழ்ப் பள்ளிக்கூடம் இல்லாததால் சிங்களப் பள்ளிக்கூடத்தில் படித்தீர்கள். வாயைத் திறந்தால் தமிழ் அருவியாய்க் கொட்டும். ஆனால் தமிழ்ப் பேப்பரைக் கொடுத்தால் எழுத்துக் கூட்டித்தான் படிப்பீர்கள். நாங்கள் அதற்கு நேர்மாறு. பஸ்ஸிலும் கடையிலும் சிங்களத்தில் பேரம் பேசுவோம், சண்டையும் போடுவோம். ஆனால் ஓர் எழுத்தும் வாசிக்கத் தெரியாது. "தமிழுக்கு நீ என் கண்ணு, சிங்களத்துக்கு நான் உன் கண்ணு" என்று என்னிடம் சொல்லிச் சிரிப்பீர்கள்.

தெரணியகலை டவுனில் பாமசி மருந்துக் கடையில் உங்களுக்கு வேலை கிடைத்த பிறகுதான் அந்தப் புத்தகம் வீட்டுக்கு வந்தது. பிரதேச சபை லைப்ரரியில் எடுத்த கெட்டிச் சிங்களக் கதைப் புத்தகம். அட்டையில் ஒரு பெண் பெரிய மீனின் முதுகில் நின்றுகொண்டிருப்பாள். அவள் பெயர் சுலங்கி. சிங்களத்தில் காற்றை 'சுலங்க' என்பார்கள், அதிலிருந்து வந்த பெயர் என்று சொன்னீர்கள். காணாமல் போன அண்ணனைத் தேடி, இல்லாத நாடுகளுக்கெல்லாம் போகிற பெண். சோறு சாப்பிடும்போதும் அந்தப் புத்தகம் உங்கள் மடியில்தான் இருக்கும். அம்மா ஏதாவது சொல்வார் என்று நான் பயந்தேன். அம்மாவோ, "என்னாம்மா அதுல? எங்களுக்கும் சொல்லு" என்றார்.

அப்படித் தொடங்கியதுதான். முதலில் போஞ்சிக்காய் ஆயும்போது எனக்கும் அம்மாவுக்கும் சொன்னீர்கள். பிறகு, "இத நாம மட்டும் கேட்டா பத்தாது ஜெசி" என்று போனில் ஒரு குரூப் ஆரம்பித்தீர்கள். 'கதை கேக்குற அக்காமார்' என்று பெயர். எங்கள் லயத்து வரிசை வீடுகளின் பெண்கள், டவுனில் உள்ள இரண்டு மூன்று பேர், குவைத்தில் வீட்டு வேலைக்குப் போயிருக்கிற செல்வி. பஸ்ஸுக்கு நிற்கும்போது, பாமசியில் ஆள் இல்லாதபோது, புத்தகத்தில் உங்களுக்குப் பிடித்த ஒரு துண்டைத் தமிழாக்கிப் பேசி அனுப்புவீர்கள்.

குரல் விற்கிற சந்தையை நான் எத்தனை தடவை கேட்டிருப்பேன்!

"அந்தச் சந்தையில துணி, சாமான் ஒண்ணும் கெடையாது. கொரல்தான் விப்பாங்க. கண்ணாடிப் போத்தல்ல ஊத்தி வச்சிருப்பாங்க. தொண்டை போன ஒரு பொம்பள வந்து, வளையல் போட்டுப் பாக்குற மாதிரி, ஒவ்வொரு கொரலாப் போட்டுப் பாக்குறா. ஒண்ணு சின்னப்புள்ளக் கொரலு. ஒண்ணு பாட்டுக்காரி கொரலு. மூணாவதப் போட்டா…"

மூன்றாவது, காலையில் வேலைக்கு ஆள் கணக்கெடுக்கிற எங்கள் கணக்கப்பிள்ளையின் குரல் அப்படியே. "ஏய், இன்னும் பெரட்டுக்கு வரலியா?" செல்வி குவைத்தில் துணி தேய்த்துக்கொண்டே சிரித்துச் சட்டையைச் சுட்டுவிட்டாளாம்.

பிறகு, வருடத்துக்கு ஓர் அடி நகர்கிற மலை. அதன் முதுகில் குடியிருக்கிற சனங்கள் ஒவ்வொரு வருடமும் சூரியன் எந்தப் பக்கம் உதிக்கிறது என்று புதிதாகத் தேடுவார்கள். அதைக் கேட்டு அம்மா, "நம்ம மலையுந்தான் நகருது. மழை வந்தா ஆபீஸ்காரங்க வந்து மண்ணு சரியும்னு கடுதாசி ஒட்டிட்டுப் போறாங்க. நமக்கு எவன் கதை எழுதுறான்?" என்றார். "நீங்க சொல்லுங்க அத்தை, நான் எழுதுறேன்" என்றீர்கள். அந்த வேலை அப்படியே நிற்கிறது அண்ணி.

குரூப்பில் ஒரு வார்த்தை பேசாமல் கேட்டுக்கொண்டு மட்டும் இருந்தவர் புஷ்பம் அக்கா. எங்கள் லயத்தின் கடைசி வீடு. அவருடைய மகன் டிலக்சன், நீங்கள் வருவதற்கு முந்திய வருடம், பள்ளிக்கூடம் விட்டு வரும்போது ஆற்றின் தாழ்ந்த சப்பாத்துப் பாலத்தில் வெள்ளம் அடித்துப் போன பிள்ளை. மறுநாள்தான் கீழே, மூங்கில் புதரில் கிடைத்தான். அவனுடைய அப்பா மரியதாஸ் அண்ணன் படத்தைச் சுவரிலிருந்து கழற்றினார். புத்தகப் பையைப் பரணில் போட்டார். வீட்டில் யாரும் அவன் பெயரைச் சொல்லக் கூடாது என்றார். பெரியவர்களும் அப்படித்தான் சொன்னார்கள்: "பேரச் சொல்லிக் கூப்பிட்டா, போற உசுரு வாசல்ல நின்னு திரும்பித் திரும்பிப் பாக்கும். அதப் போக விடுங்க." அதற்குப் பிறகு நாங்கள்கூட 'அந்தப் புள்ள' என்றுதான் சொல்வோம். அவனுக்குப் பெயர் என்று ஒன்று இருந்ததே மறந்துபோகும் போலிருந்தது.

ஒரு நாள் மத்தியானம் நீங்கள் அனுப்பிய துண்டு இது. நான் இன்னும் அழிக்கவில்லை.

"சுலங்கி இப்ப ஒரு கரைக்கு வந்திருக்கா. தண்ணி இல்லாத ஆறு. மணலே ஆறு மாதிரி ஓடுது. காலத்துக்கு முந்திப் போன புள்ளைங்க எல்லாம் அதத் தாண்டித்தான் அந்தப் பக்கம் போகணும். ஒரே இருட்டு. கால எங்க வைக்கிறதுன்னு தெரியாம நிக்குதுங்க. அதுல ஒரு பையன் காலடியில மட்டும் வெளிச்சம் வருது, போகுது, வருது. உனக்கு மட்டும் எப்புடிடா வெளக்குன்னு சுலங்கி கேக்குறா. அவன் சொல்றான், 'எங்கம்மா என் பேரச் சொல்றாங்க. ஒவ்வொரு தடவ சொல்லும்போதும் ஒரு அடி வைக்கிற அளவுக்கு வெளிச்சம் வருது'ன்னு. அவன் கரை சேந்தானா இல்லியா? அத அடுத்த தடவ சொல்றேன்."

அன்று பின்னேரம் பீலியில் நாங்கள் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தோம். புஷ்பம் அக்கா அரிசி களைந்துகொண்டிருந்தவர், சட்டியைக் கீழே வைத்தார். மலைப்பக்கம் பார்த்து, "டிலக்சன்" என்றார். சத்தமாகக்கூட இல்லை. சாப்பிடக் கூப்பிடுகிற மாதிரி.  பீலித் தண்ணீர் குடம் நிறைந்து வழிந்துகொண்டிருந்தது. மரியதாஸ் அண்ணன் வீட்டு வாசலுக்கு வந்து நின்றார். திட்டப் போகிறார் என்று நினைத்தேன். திரும்பி உள்ளே போய்விட்டார்.

அதற்குப் பிறகு ஒவ்வொரு பின்னேரமும் அந்த அக்கா மகனின் பெயரைச் சொன்னார். முகத்தில் கொஞ்சம் களை வந்தது. கடைக்குப் போனார். என் சட்டையின் நிறம் நன்றாயிருக்கிறது என்று ஒரு நாள் சொன்னார். உங்களிடம் நான் இதைச் சொன்னபோது நீங்கள் சந்தோஷப்படுவீர்கள் என்று பார்த்தேன். "ஆங், அப்புடியா" என்று சொல்லிவிட்டு அடுப்பைப் பார்த்துத் திரும்பிக்கொண்டீர்கள். அப்போது எனக்கு ஒன்றும் விளங்கவில்லை.

அடுத்த தடவை என்று நீங்கள் சொன்ன அந்தத் தடவை வரவேயில்லை. காய்ச்சல் வந்தது. டெங்கு என்றார்கள். அண்ணன் உங்களைப் பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டு போனார். வார்டிலிருந்து நீங்கள் அனுப்பிய கடைசிப் பேச்சு இது: "ஜெசி, இங்க பேசினா நர்ஸ் மிஸ்மார் ஏசுறாங்க. அந்தப் பையன் கதைய வந்து சொல்றேன்னு புஷ்பம் அக்காகிட்டச் சொல்லு. நீங்க யாரும் முந்திக்கிட்டுப் புத்தகத்தப் பாத்துறாதீங்க." கடைசியில் ஒரு சிரிப்பு. விளையாட்டுக்குச் சொல்கிறீர்கள் என்று நினைத்தேன். இரண்டு நாளில் உங்களைப் பெட்டியில் கொண்டுவந்தார்கள். நீங்கள் சிரித்தது என் போனில் இருக்கிறது, நீங்கள் இல்லை. இதை எப்படி விளங்கிக்கொள்வது அண்ணி?

நாற்பதாம் நாள் பூசை முடிந்து எல்லாரும் போன பிறகு புஷ்பம் அக்கா என்னிடம் வந்தார்.

"ரோசு கதைய முடிக்காமப் போயிட்டா. அந்தப் பையன் கரை சேந்தானா ஜெசி?"

"எனக்குச் சிங்களம் வாசிக்கத் தெரியாதேக்கா."

"தெரிஞ்சவங்ககிட்டக் கேளேன். ஒண்ணும் அவசரம் இல்ல. ஆனா எனக்குத் தெரியணும்."

லைப்ரரிக்குப் புத்தகத்தைத் திருப்பிக் கொடுக்கவும் வேண்டியிருந்தது. ஒரு மழை நாளில் அதைப் பொலித்தீன் பையில் சுற்றி எடுத்துக்கொண்டு டவுனுக்குப் போனேன். அங்கே மேசையில் இருந்த சந்திராணி மிஸ் அட்டையைப் பார்த்ததும் எழுந்தார். "அனே, ரோசலின் நங்கி எடுத்த புத்தகமல்லவா? அவளை ஏன் காணவில்லை?" என்று சிங்களத்தில் கேட்டார். உங்களைத் தங்கச்சி என்று கூப்பிட்ட அந்த மனுசிக்கு யாரும் செய்தி சொல்லவில்லை. நான்தான் சொன்னேன். அவர் நாற்காலியைத் தேடிப் பிடித்து உட்கார்ந்தார். புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டார். 

நான் வந்த காரியத்தைச் சொன்னேன். சன்னல் ஓரத்து நீள மேசையில் இரண்டு பேரும் உட்கார்ந்தோம். நான் போனில் உங்கள் குரலைப் போட்டு, சிங்களத்தில் திருப்பிச் சொல்வேன். அவர் அந்த இடத்தைப் புத்தகத்தில் தேடிப் பிடிப்பார். குரல் சந்தை இருந்தது. போத்தல்கள் இருந்தன. "இந்த மூன்றாவது குரல் யாருடையது? புத்தகத்தில் இல்லையே?" என்று கேட்டார். எங்கள் கணக்கப்பிள்ளை என்று சொன்னேன். அவருக்குச் சிரிப்பு வந்தது, எனக்கும் வந்தது. சிரித்துக்கொண்டே இரண்டு பேரும் கண்ணைத் துடைத்தோம். நகர்கிற மலையும் சொன்னது சொன்னபடி இருந்தது.

பிறகு மணல் ஆறு. சந்திராணி மிஸ் விரலை வைத்து மனத்துக்குள் படித்துக்கொண்டு போனார். விரல் நின்றது. "இன்னொரு தடவை போடு" என்றார். போட்டேன்.

"இதில் வெளிச்சம் இல்லை" என்றார்.

எனக்குப் புரியவில்லை. அவர் மெதுவாகப் படித்து விளக்கினார். புத்தகத்தில் உள்ளபடி, உலகத்தில் யாராவது ஒரு பிள்ளையின் பெயரைச் சொன்னால், அந்தப் பிள்ளை திரும்பிப் பார்க்கும். திரும்பிப் பார்த்தால் நடந்த அடியெல்லாம் வீண், மறுபடியும் தொடங்கிய இடத்துக்கே வந்துவிடும். அதனால் அந்த நாட்டு அரசி, தாய்மார் வாயை மூட வேண்டும் என்று காகங்களிடம் சொல்லி அனுப்புகிறாள். ஒருத்தி மட்டும் கேட்பதில்லை. அவள் பிள்ளைதான் அந்தப் பையன். எல்லாப் பிள்ளைகளும் போன பிறகும் அவன் மட்டும் நிற்கிறான். அடுத்த இரண்டு பக்கத்தில் மணல் அவன் முழங்காலுக்கு வருகிறது, இடுப்புக்கு வருகிறது. பிறகு அவனும் மணலாகிவிடுகிறான்.

"பிழையாக விளங்கியிருப்பாரோ?" என்று கேட்டேன்.

"ரோசலினா? என்னைவிட நல்ல சிங்களம் அவளுக்கு" என்றார் சந்திராணி மிஸ். கொஞ்சம் யோசித்துவிட்டுச் சொன்னார்: "இந்த அத்தியாயத்தை அவள் இந்த மேசையில் வைத்துத்தான் படித்தாள். சாப்பாட்டு நேரம். புத்தகத்தை மூடி வைத்துவிட்டு சும்மா இருந்தாள். என்ன என்று கேட்டேன். 'இதை எங்கள் ஆட்களுக்கு எப்படி அக்கா சொல்வது?' என்றாள். ஏதோ கஷ்டமான சொல்லாக்கும் என்று நினைத்தேன்."

தெரிந்தேதான் மாற்றியிருக்கிறீர்கள். புஷ்பம் அக்கா கேட்டுக்கொண்டிருக்கிறார் என்று தெரிந்தே. அந்தத் துண்டைச் சொல்லாமலே விட்டிருக்கலாமே அண்ணி? அடுத்ததற்குப் போயிருந்தால் யாருக்குத் தெரியப்போகிறது? வேண்டுமென்றே அதை எடுத்து, தலைகீழாகப் புரட்டி, அந்த அக்காவின் கையில் கொடுத்தீர்களா? அவர் தன் பிள்ளையின் பெயரைச் சொல்ல வேண்டும் என்றா?

பஸ்ஸில் வரும்போது, 'சேர்ந்துவிட்டான்' என்று ஒரு சொல் சொல்லிவிட்டால் முடிந்துவிடும் என்று நினைத்தேன். ஆனால் என் முகம் உங்களுக்குத் தெரியும். சந்தியில் இறங்கும்போது புஷ்பம் அக்கா குடையோடு நின்றுகொண்டிருந்தார்.

"பாத்தியா? சேந்தானா?"

 அந்த அக்கா என் முகத்தையே பார்த்தார்.

"எதா இருந்தாலும் சொல்லு. இதவிட மோசமானதக் கேட்டவதான் நான்."

சொன்னேன். எல்லாவற்றையும் சொன்னேன். காகங்களைச் சொன்னேன், அரசியைச் சொன்னேன். மணலானதையும் சொன்னேன்.

"அப்ப நான் கூப்புட்டுக் கூப்புட்டு அவன அங்கயே நிக்க வச்சேனா?"

"ஐயோ அக்கா, அது கதை."

"கதைன்னு இப்பத்தான் சொல்ற. வெளிச்சம் வருதுன்னு சொன்னப்ப யாரும் கதைன்னு சொல்லலியே."

குடையை மடக்கினார். அந்த மழையில் நனைந்துகொண்டே மேட்டில் ஏறிப் போனார்.

அன்று பின்னேரம் அவர் மகனின் பெயரைச் சொல்லவில்லை. அடுத்த நாளும் இல்லை. குரூப்பிலிருந்தும் விலகிப் போனார். பீலியில் கண்டால் குடத்தைப் பாதியில் எடுத்துக்கொண்டு போய்விடுவார். உங்கள் மேல் எனக்குக் கோபம் வந்தது அண்ணி. உயிரோடு இருந்தால் வந்து கேட்டிருப்பேன், நீங்கள் ஏதாவது சொல்லியிருப்பீர்கள், தீர்ந்திருக்கும். போனவர் மேல் வந்த கோபத்தை எங்கே கொண்டுபோய் இறக்குவது? உங்கள் கல்லறைக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் வரவில்லை. வேலை என்று அம்மாவிடம் சொன்னேன். வேலை ஒன்றும் இருக்கவில்லை.

அப்படியே சில வாரங்கள் போயின. ஒரு காலையில் மழை விட்டுப் பால்வெட்டுக்குப் போயிருந்தோம். புஷ்பம் அக்காவின் மரங்கள் என் மரங்களுக்குப் பக்கத்து வரிசைதான். நான் பழைய வெட்டில் காய்ந்திருந்த ஒட்டுப்பாலை உரித்துக்கொண்டிருந்தேன். அவர் கத்தியும் கையுமாக வந்து நின்றார்.

"ஜெசி, அந்தப் புத்தகம் எழுதுனவரு அந்தக் கரைக்குப் போயிருக்காரா?"

"அது எப்புடிக்கா போக முடியும்?"

"அப்ப அவரும் பாக்காமத்தான் எழுதியிருக்காரு."

"ஆமாக்கா."

"ரோசும் பாக்காமத்தான் சொல்லியிருக்கா." மரத்தில் கத்தியை வைத்து ஓர் இழுப்பு இழுத்தார். பால் கசிந்து சிரட்டைக்கு இறங்குவதைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "அவருக்கு என்னையத் தெரியாது. ரோசுக்கு என்னையத் தெரியும்."

நான் உரித்த ஒட்டுப்பாலைக் கூடையில் போட்டேன்.

"நான் கூப்புடாம இருந்தேன்ல. வீடு கெணறு மாதிரி ஆயிருச்சு. நேத்து எங்க வீட்டு மனுசனே கேக்குறாரு, இப்ப ஏன் அவனக் கூப்புடுறதில்லன்னு. நான் பேரச் சொல்லும்போதெல்லாம் அவரு உள்ள ஒக்காந்து கேட்டுக்கிட்டு இருந்திருக்காரு." மூக்கை உறிஞ்சிக்கொண்டார். "என்னையத் திரும்பக் குரூப்புல சேத்து விடு. ரோசு விட்டத நான் முடிக்கிறேன்."

அடுத்த ஞாயிறு, பூசை முடிந்து மத்தியானம் வந்தது அந்தப் பேச்சு. உங்கள் குரூப்பில் புஷ்பம் அக்காவின் முதல் பேச்சு. நீங்கள் கேட்டிருக்க வேண்டும். கேட்கிற மாதிரியே எழுதுகிறேன்.

"நான் புஷ்பம் பேசுறேன். எனக்கு ரோசு மாதிரிப் பேச வராது. அந்தப் பையன் மணல்ல நிக்கிறான். இது புத்தகத்துல இல்ல, நானா சொல்றது. அவன் அம்மா பேரச் சொல்றா. வெளிச்சம் வருது. ஒரு அடி வைக்கிறான். இன்னொரு தடவ சொல்றா. இன்னொரு அடி. பக்கத்துல நிக்கிற புள்ளைங்கள்ல செலதுக்குப் பேர் சொல்ல ஆளே இல்ல. அதுகளையும் இவன் கையப் புடிச்சுக் கூட்டிக்கிட்டுப் போறான். செருப்பப் போட்டுக்கிட்டு மெதுவா…"

அந்த இடத்தில், பின்னால் இருந்து ஓர் ஆண் குரல். கரகரத்த குரல். மரியதாஸ் அண்ணன்.

"டிலக்சன் செருப்பப் போட மாட்டான். கையில எடுத்துக்கிட்டு ஓடுவான். அப்புடிச் சொல்லு."

 தகரத்தில் மழை விழுகிற சத்தம் மட்டும். அப்புறம் புஷ்பம் அக்கா சொன்னார், "ஆமா. செருப்பக் கையில எடுத்துக்கிட்டு ஓடுறான். எல்லாப் புள்ளைங்களும் பின்னாடியே ஓடுதுங்க. சேந்துட்டாங்க."

அவ்வளவுதான். அம்மா போனை என் கையிலிருந்து வாங்கி மறுபடியும் போட்டுக் கேட்டார். அண்ணன் வாசல்படியில் உட்கார்ந்து கேட்டார். செல்வி குவைத்திலிருந்து பதில் அனுப்பினாள். அதில் பேச்சே இல்லை, மூச்சு மட்டும்தான்.

நான் மறுபடியும் லைப்ரரிக்குப் போகிறேன் அண்ணி. புத்தகத்தை என் பெயரில் எடுத்திருக்கிறேன். மழை நாளில் சந்திராணி மிஸ் எனக்குச் சிங்கள எழுத்துச் சொல்லித் தருகிறார். எல்லாம் வட்ட வட்டமாக இருக்கிறது, எதற்கு எது வால் என்று தெரியவில்லை. நேற்று ஒரு வரியைத் தனியாக வாசித்தேன். 'கதவு திறந்திருந்தது' என்று இருந்தது. என்ன கதவு, யார் திறந்தது என்று அடுத்த வரியை வாசிக்க அரை மணி நேரம் பிடித்தது. நீங்கள் பக்கத்தில் இருந்திருந்தால் சிரித்திருப்பீர்கள்.

புஷ்பம் அக்கா எனக்கு ஒரு கட்டளை போட்டிருக்கிறார். "மாத்துனா, மாத்திட்டேன்னு சொல்லிரு. எங்களுக்குத் தாங்கும்." உங்கள் மேல் இப்போது கோபமில்லையாம். ஆனால் நேரில் கண்டால் ஒரு அடி அடிப்பேன் என்கிறார். வாங்கிக்கொள்ளுங்கள்.

நீங்கள் செய்தது சரியா என்று எனக்கு இன்னும் தெரியவில்லை. பொய்தான் அது. அந்தப் பொய் இல்லாவிட்டால் அந்த வீட்டில் இன்றைக்கும் ஒரு பெயர் பூட்டிக் கிடந்திருக்கும். இரண்டையும் ஒரே தராசில் வைக்க எனக்குத் தெரியவில்லை. உங்களுக்குத் தெரிந்திருந்ததா? அந்த மேசையில் புத்தகத்தை மூடி வைத்துவிட்டு நீங்கள் யோசித்தது இதைத்தானா?

மிச்சப் பக்கங்களை நான் எழுத்துக் கூட்டியாவது படித்து முடிப்பேன். உள்ளதை உள்ளபடி சொல்வேன். கேட்கிறவர்களில் யாருக்காவது தாங்காது என்று கண்டால், பேசி அனுப்பாமல், அவர்கள் வீட்டுக்கே நடந்து போய்ப் பக்கத்தில் உட்கார்ந்து சொல்வேன். இது நான் உங்களுக்குத் தருகிற வாக்கு.

ஊர் முறையில் நாத்தனார், உங்களுக்கு என்றைக்கும் தங்கச்சி,
ஜெசிந்தா